லஹ்தி: ஒரு தொழில் நகரம் கரியை விட்ட கதையும் மிச்சமிருக்கும் கணக்கும்

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது லஹ்தி. மக்கள்தொகை ஏறத்தாழ 1,20,000. மரச்சாமான், ஆயத்த ஆடை, பீர், ரொட்டி, உலோகப் பொருள்கள் என்று உழைத்து வளர்ந்த ஊர். 2025-க்குள் கார்பன் சமநிலையை எட்டுவது என்று இந்த நகரம் தனக்குத்தானே கெடு வைத்துக்கொண்டது. பின்லாந்து நாடு சட்டத்தில் எழுதி வைத்திருக்கும் கெடு 2035. ஐரோப்பிய ஒன்றியத்தின் கெடு 2050. பணக்காரத் தலைநகரங்களே தயங்கி நிற்கும் இடத்தில் ஒரு நடுத்தரத் தொழில் நகரம் இவ்வளவு முந்திக்கொண்டது எப்படி?

முதலில் இலக்கு என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரில் ஒரு கிராம் கார்பன்கூட வெளியேறாது என்று லஹ்தி சொல்லவில்லை. 1990-ஆம் ஆண்டின் அளவோடு ஒப்பிட்டால் உமிழ்வை 80 சதவீதம் குறைப்பது, மீதி 20 சதவீதத்தை வேறு வழிகளில் ஈடுகட்டுவது என்பதுதான் திட்டம். 2021-இல் நகரம் வெளியிட்ட கணக்கின்படி அதற்குள் சுமார் 70 சதவீதம் குறைந்துவிட்டிருந்தது. இது பெரிய சாதனை. ஆனால் அந்த 70 எங்கிருந்து வந்தது, எஞ்சியது ஏன் இறங்க மறுக்கிறது என்று பார்த்தால்தான் இந்த நகரத்திடமிருந்து உண்மையில் ஏதாவது கற்க முடியும். என் வாசிப்பில் பதில் இதுதான்: நகராட்சியின் சொத்தாக இருந்தவை வேகமாக மாறின. அதன் கைக்கு எட்டாதவை இன்னும் மெதுவாகத்தான் நகர்கின்றன.

ஏரியில் தொடங்கியது

லஹ்தி 1905-இல்தான் நகர அந்தஸ்து பெற்றது. 1870-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ரயில் பாதை இந்த வழியாக வந்ததும் மரத் தொழில் பெருகியது. இரண்டாம் உலகப் போரில் கரேலியா நிலப்பகுதியைச் சோவியத் ஒன்றியத்திடம் பின்லாந்து இழந்தபோது, வீபுரி நகரத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்களும் தொழில்களும் பெருமளவில் இங்கே வந்து சேர்ந்தார்கள். போருக்குப் பிந்தைய வளர்ச்சியின் கழிவெல்லாம் ஊரின் வடக்கே விரிந்திருக்கும் வெசியார்வி ஏரியில் கலந்தது. 1960-களில் அந்த ஏரி நாட்டின் மிக மோசமாகக் கெட்ட பெரிய ஏரிகளில் ஒன்றாகியிருந்தது.

1976-இல் சாக்கடை நீரை ஏரியில் விடுவது நிறுத்தப்பட்டது. எல்லாரும் ஏரி தானாகத் தெளியும் என்று எதிர்பார்த்தார்கள். தெளியவில்லை. அடிச் சேற்றில் படிந்திருந்த பாஸ்பரஸ் மறுபடி மறுபடி நீரில் கரைந்து மேலே வந்தது. 1980-களிலும் கோடைதோறும் நீலப்பச்சைப் பாசி பூத்தது. பிறகு ஆய்வாளர்கள் வேறு பக்கத்திலிருந்து யோசித்தார்கள். பாசியைத் தின்னும் நுண்ணிய மிதவை உயிர்களை ரோச் போன்ற சிறு மீன்கள் தின்றுவிடுகின்றன. அடிச் சேற்றையும் அவையே கிளறிவிடுகின்றன. எனவே 1989 முதல் 1993 வரை இழுவலை போட்டு 1,000 டன்னுக்கும் மேற்பட்ட சிறு மீன்களை வாரி எடுத்தார்கள். பாசி அடங்கியது, நீர் தெளிந்தது. பின்னாளில் பாசி ஓரளவு திரும்பியும் வந்தது. அதனால் மீன் அகற்றும் வேலையும் கரையோர வயல்களிலிருந்து வரும் உரத்தைத் தடுக்கும் வேலையும் இன்றுவரை தொடர்கின்றன.

காலநிலைக் கட்டுரையில் ஏரிக்கு இவ்வளவு இடம் தருவதற்குக் காரணம் உண்டு. நகராட்சி, பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தொழிற்சாலைகள், தன்னார்வலர்கள் ஆகிய நால்வரும் பத்து இருபது ஆண்டுகள் ஒரே வேலையில் சேர்ந்து நிற்கும் பழக்கம் இந்த ஊருக்கு அந்த ஏரியால்தான் வந்தது. 1991-இல் சோவியத் சந்தை சரிந்து தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையின்மை கடுமையாக ஏறிய காலத்தில்கூட மீன் வாரும் வேலை நிற்கவில்லை. பின்னால் வந்த தேர்தல்களில் யார் வென்றாலும் சுற்றுச்சூழல் திட்டங்கள் கைவிடப்படாததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

சூடுதான் பெரிய செலவு

வெயில் நாட்டில் வாழும் நமக்கு ஒரு விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும். நார்டிக் நாட்டு நகரத்தில் குளிர்காலத்தின் பெரிய எரிசக்திச் செலவு வீட்டைச் சூடாக வைப்பதுதான். வெளியே உறைநிலைக்கு 20 டிகிரி கீழே இருக்கும்போது உள்ளே 21 டிகிரி வேண்டும். லஹ்தி போன்ற ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் தனி அடுப்போ கொதிகலனோ கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு நிலையத்தில் தண்ணீரைச் சூடாக்கி, தெருக்களுக்கு அடியில் புதைத்த குழாய்கள் வழியாக அடுக்ககங்களுக்கும் பள்ளிகளுக்கும் கடைகளுக்கும் அனுப்புகிறார்கள். வெப்பத்தை இறக்கி வைத்துவிட்டு அதே நீர் நிலையத்துக்குத் திரும்பி வருகிறது. மின்சாரம் தயாரிக்கும்போது வீணாகும் வெப்பமே இப்படிப் பயன்படுவதால் எரிபொருளின் பெரும்பகுதி சக்தி கைக்கு வந்துவிடுகிறது.

இந்த ஏற்பாட்டின் அரசியல் விளைவு முக்கியமானது. பல்லாயிரம் வீடுகளின் சூடு ஒரே நிலையத்திலிருந்து வருகிறது என்றால், அந்த ஒரு நிலையத்தை மாற்றினால் பல்லாயிரம் வீடுகளும் ஒரே நாளில் மாறிவிடும். யாரும் தங்கள் வீட்டில் ஆணி ஒன்றைக்கூட அசைக்க வேண்டியதில்லை. லஹ்தியில் அந்த நிலையம் இருப்பது கிமியார்வியில். அதை நடத்தும் லஹ்தி எனர்கியா நிறுவனத்தின் உரிமையாளர் நகராட்சியே.

கிமியார்வியின் முதல் அலகு 1976-இல் எண்ணெயில் ஓடத் தொடங்கியது. எண்ணெய் விலை உயர்ந்ததும் 1982-இல் நிலக்கரிக்கு மாறியது. 1998-இல் அதன் பக்கத்தில் ஒரு வாயுவாக்கி நிறுவினார்கள். மரக்கழிவையும் தரம் பிரித்த குப்பையையும் குறைந்த காற்றில் சூடாக்கி, வரும் வாயுவை அதே நிலக்கரிக் கொதிகலனுக்குள் செலுத்துவது இதன் வேலை. மொத்த எரிபொருளில் 15 சதவீத அளவைத்தான் இது ஈடுகட்டியது. ஆனால் குப்பையை வாயுவாக்கும் கலையை இந்த ஊர் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அந்தக் கல்வியின் பலன் 2012-இல் திறந்த இரண்டாம் அலகு. அதன் உள்வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குப்பையை நேரடியாக எரிக்கும் நிலையங்களில் ஒரு தீராத தொல்லை உண்டு: பிளாஸ்டிக்கிலும் உப்பிலும் உள்ள குளோரின், புகையோடு போய்க் கொதிகலனின் குழாய்களை அரித்துவிடும். அரிப்புக்குப் பயந்து நீராவியின் வெப்பத்தைக் குறைவாகவே வைக்க வேண்டும். நீராவி எவ்வளவு மந்தமோ மின்சாரமும் அவ்வளவு குறையும். லஹ்தியில் குப்பையை முதலில் 900 டிகிரிக்கு அருகில் வாயுவாக்குகிறார்கள். அந்த வாயுவைச் சுமார் 400 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது குளோரின் உப்புகளும் பல கன உலோகங்களும் திடத் துகளாகிப் படிகின்றன. வடிகட்டிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ள, சுத்தமான வாயு மட்டும் கொதிகலனுக்குப் போகிறது. அரிப்புப் பயம் இல்லாததால் நீராவியை 540 டிகிரி வரை ஏற்ற முடிகிறது. நிலையத்தின் திறன் 50 மெகாவாட் மின்சாரமும் 90 மெகாவாட் வெப்பமும். எரிபொருள் ஆண்டுக்கு 2,50,000 டன் வரை. தரம் பிரித்த கழிவை இந்த அளவில், இந்த முறையில் எரிசக்தியாக்கிய முதல் நிலையம் உலகிலேயே இதுதான்.

இது ஓடுவதற்கு இன்னொரு பாதி வேலை வீடுகளில் நடக்க வேண்டியிருந்தது. காகிதம், கண்ணாடி, உணவுக் கழிவு, உலோகம் ஆகியவற்றைத் தவிர, மறுசுழற்சிக்கு ஆகாத ஆனால் எரியக்கூடிய கழிவுக்கென்று தனித் தொட்டி வைத்தார்கள். குப்பை நிறுவனமும் அந்த வட்டார நகராட்சிகளுக்குச் சொந்தமானதே. வீட்டுக் கழிவில் கிட்டத்தட்ட எதுவும் குப்பைமேட்டுக்குப் போவதில்லை என்ற நிலை வந்தது. குப்பைமேட்டில் அழுகும் உணவிலிருந்து மீத்தேன் கிளம்பும். ஒரு நூற்றாண்டுக் கணக்கில் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதைத் தடுத்ததும் உமிழ்வுக் குறைப்பின் ஒரு பங்கு. இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருப்பதையும் சொல்ல வேண்டும். எரியும் குப்பையில் உள்ள பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து பிறந்தது. அதை எவ்வளவு நேர்த்தியாக எரித்தாலும் வெளியேறுவது புதைபடிவக் கார்பன்தான். நிலக்கரி போன பிறகு கிமியார்வியில் எஞ்சிய உமிழ்வுக்கு இந்தப் பிளாஸ்டிக் ஒரு முக்கியக் காரணம்.

நிலக்கரி 2019 வசந்த காலத்தில் போனது. அதன் இடத்தை எடுத்துக்கொண்டது 190 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட மூன்றாம் அலகு, எரிபொருள் மரம். பின்லாந்து அரசு எரிசக்திக்கு நிலக்கரியைத் தடைசெய்யும் சட்டத்தை 2019-இல் நிறைவேற்றியது. அது அமலாவது 2029 மே மாதத்தில். அந்தக் கெடுவுக்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே லஹ்தி கரியைக் கைவிட்டுவிட்டது. இதை வெறும் நல்லெண்ணம் என்று எழுதினால் அது பாதி உண்மைதான். பழைய அலகுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. புகை மாசு விதிகள் இறுகி வந்தன. பின்லாந்தில் 1990 முதலே கார்பன் வரி உண்டு. உலகில் முதன்முதலாக அதைக் கொண்டுவந்த நாடு அதுவே. கார்பனை வெளியிடும் உரிமையை ஆலைகள் வாங்கி விற்கும் ஐரோப்பிய உமிழ்வு வணிகம் 2005-இல் தொடங்கியது. அதில் ஒரு டன் கார்பனின் விலை 2018-க்குப் பிறகு மளமளவென்று ஏறியது. எப்படியும் புதுக் கொதிகலன் வாங்கியாக வேண்டிய நேரத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே தயாராக இருந்த ஊர் சரியான கொதிகலனை வாங்கியது. நல்ல நகர நிர்வாகம் என்றால் பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து.

மரத்தின் கணக்கு

இங்கேதான் கடினமான கேள்வி எழுகிறது. மரத்தை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடுதான் வருகிறது. ஒரு யூனிட் வெப்பத்துக்கு வரும் அளவு நிலக்கரிக்குக் குறைந்ததல்ல. பிறகு எப்படி அது சுழியம் ஆகிறது? பன்னாட்டுக் கணக்கு விதி இதுதான்: மரம் வெட்டப்பட்டதால் ஏற்படும் கார்பன் இழப்பு, நிலப் பயன்பாடு என்ற தலைப்பில், வெட்டிய நாட்டின் கணக்கில் ஏற்கெனவே எழுதப்படுகிறது. அதனால் எரிக்கும் இடத்தில் மறுபடி எழுதக் கூடாது. எழுதினால் இரட்டைக் கணக்காகும். விதியில் தவறில்லை. ஆனால் நகராட்சியின் ஏட்டில் சுழியம் என்று தெரிவதால் காட்டிலும் எதுவும் குறையவில்லை என்ற எண்ணம் மக்களுக்கு வந்துவிடுகிறது.

காட்டில் என்ன நடக்கிறது என்பதற்குப் பின்லாந்தே சாட்சி. நாட்டின் நிலப்பரப்பில் முக்கால்வாசிக் காடு. அது பல பத்தாண்டுகளாகக் கார்பனை உறிஞ்சி வைத்து வந்தது. அதை நம்பித்தான் 2035 இலக்கே வகுக்கப்பட்டது. 2022 இறுதியில் வந்த புள்ளிவிவரம் எல்லாரையும் திடுக்கிட வைத்தது: வெட்டு அதிகரித்து, மர வளர்ச்சி வேகம் குறைந்ததால், 2021-இல் நிலப் பயன்பாட்டுத் துறை மொத்தமாகக் கார்பனை உறிஞ்சுவதை விட்டு வெளியிடும் துறையாக மாறியிருந்தது. அதே 2022-இல் உக்ரைன் போரால் ரஷ்யாவிலிருந்து வந்துகொண்டிருந்த மரச்சில்லு நின்றது. நாடு முழுக்க எரிமரத்தின் தேவை உள்நாட்டுக் காட்டின் மேல் விழுந்தது, விலையும் ஏறியது.

இதனால் லஹ்தி செய்தது தவறா? இல்லை என்பேன். மர ஆலைகளின் கழிவும், வெட்டிய இடத்தில் மிஞ்சும் கிளைகளும் எப்படியும் சில ஆண்டுகளில் மட்கிக் கார்பனாகப் போகக்கூடியவை. அவற்றை எரிப்பது நிலக்கரியை எரிப்பதைவிட எத்தனையோ மேல். முழு மரத்தையே எரிப்பதற்காக வெட்டினால் கதை மாறுகிறது. அந்த இடத்தில் மறுபடி மரம் வளர்ந்து கணக்கு நேராக 60, 70 ஆண்டுகள் ஆகும். எனவே உலையின் வகையைவிட உலைக்குள் போகும் மரம் எது என்பதே பெரிய கேள்வி. அதற்கு நிலையத்தின் கொள்முதல் ஏட்டில்தான் பதில் இருக்கிறது.

கைக்கு எட்டாதவை

சூட்டுக்கு அடுத்த பெரும்பகுதி போக்குவரத்து. கார்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொந்தம்; நெடுஞ்சாலைகள் அரசுக்குச் சொந்தம். ஒரு கொதிகலனை மாற்றுவதுபோல் இவற்றை மாற்ற முடியாது.

லஹ்தி இதில் துணிச்சலான ஒரு பரிசோதனை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2020-இல் சிட்டிகேப் என்ற செயலியை வெளியிட்டார்கள். விரும்பிச் சேர்ந்தவர்களின் பயணங்களைக் கைபேசி கவனித்து, நடையா, சைக்கிளா, பேருந்தா, காரா என்று கணித்துச் சொல்லும். ஒவ்வொருவருக்கும் அவரவர் சூழலுக்கு ஏற்ப வாரத்துக்கு ஒரு கார்பன் ஒதுக்கீடு உண்டு. மிச்சம் பிடித்தால் மெய்நிகர் யூரோ கிடைக்கும். அதைக் கொடுத்துப் பேருந்துச் சீட்டு போன்ற சிறு சலுகைகளைப் பெறலாம். மிச்சத்தின் விலை சந்தைபோல ஏறி இறங்கும். தொழிற்சாலைகளுக்கு உள்ள உமிழ்வு வணிகத்தைத் தனிமனிதர்களின் பயணத்துக்குக் கொண்டுவந்த முதல் முயற்சிகளில் ஒன்று இது.

அந்த ஆண்டு பெருந்தொற்று ஆண்டாக அமைந்தது. எல்லாரும் வீட்டிலேயே இருந்ததால் எல்லாரிடமும் ஒதுக்கீடு மிஞ்சியது. மிச்சத்துக்கு மதிப்பு விழுந்தது. விலையின் அழுத்தம் மனிதரை மாற்றுமா என்ற கேள்விக்கு அதனால் தெளிவான விடை கிடைக்கவில்லை. ஆனால் தன் பயணத்தின் கார்பன் எவ்வளவு என்பதையே பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். தன்னார்வமாகச் சேர்பவர்கள் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள் என்பதும், கட்டாயமாக்கினால் மக்கள் ஏற்க மாட்டார்கள் என்பதும் இந்த முறைக்கு எல்லா ஊரிலும் உள்ள தடைகள்.

செயலி ஓடிய அதே 2020-இன் டிசம்பரில் ஊரின் தெற்கே சுரங்கப் பாதைகளோடு ஒரு புதிய புறவழிச்சாலை திறக்கப்பட்டது. கனரக வண்டிகள் ஊர் நடுவே வராமல் போனது நல்லதே. தெருக்களில் நடப்பவருக்கும் சைக்கிளில் போவோருக்கும் இடம் கிடைத்தது. ஆனாலும் வேகமான புதுச்சாலை காரில் போவதை இன்னும் எளிதாக்கும் என்பதை மறுக்க முடியாது. நகராட்சி ஒரு பக்கம் இழுக்க, நாட்டின் சாலைத் திட்டம் இன்னொரு பக்கம் இழுப்பது இப்படித்தான்.

தொழிற்சாலைகளின் நிலை இன்னும் நுட்பமானது. பின்லாந்தின் பல நகராட்சிகள் பின்பற்றும் ஹின்கு என்ற பொதுக் கணக்குமுறையில், உமிழ்வு வணிகத்தில் சேர்ந்த தொழிற்சாலைகளின் எரிபொருளும், தொழில்துறையின் மின்சாரமும், ஊரைக் கடந்து மட்டும் போகும் கனரக வண்டிகளும் சேர்வதில்லை. நகராட்சியால் முடிவெடுக்க முடியாதவற்றுக்கு அதைப் பொறுப்பாக்கக் கூடாது என்பது இதன் நியாயம். அந்த நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் இப்படிக் கணக்கிட்டால், தொழிலால் பெயர் பெற்ற ஒரு நகரத்தின் ஏட்டில் தொழிலின் பெரும்பகுதியே இல்லாமல் போகலாம். அதேபோல அந்த ஊர் மக்கள் வாங்கும் கைபேசி, உடை, இறைச்சி, விமானப் பயணம் ஆகியவற்றின் உமிழ்வும் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. இரண்டு ஊர்களின் சதவீதங்களை ஒப்பிடும் முன் அவற்றின் ஏடுகளில் எது உள்ளே, எது வெளியே என்று கேட்க வேண்டும்.

தென் டென்மார்க்கின் சொண்டர்போர்க் நகரத்தோடு இதை ஒப்பிடலாம். அங்கே 2007-இல் தொடங்கிய புராஜெக்ட் ஜீரோ திட்டத்தின் கெடு 2029. அதன் பின்னால் நகராட்சியோடு டான்ஃபாஸ் என்ற பெரிய நிறுவனமும் தொடக்கம் முதலே நின்றது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிகள் செய்யும் அந்த நிறுவனத்தின் ஆலைகளில் வீணாகும் சூடு ஊரின் குழாய்களுக்குப் போகிறது. அப்படி ஒரே பெரிய முதலாளி லஹ்தியில் இல்லை. நடுத்தர ஆலைகள் பல. ஒவ்வொன்றோடும் தனித்தனியே பேச வேண்டும்.

அங்கீகாரம் வராமல் இல்லை. 2020-க்கான ஐரோப்பியப் பசுமைத் தலைநகர் பட்டத்துக்கு லஹ்தி போட்டியிட்டு லிஸ்பனிடம் தோற்றது. மறுமுறை லில், ஸ்ட்ராஸ்பர்க் ஆகிய பிரெஞ்சு நகரங்களை வென்று 2021-இன் பட்டத்தைப் பெற்றது. 2022 ஏப்ரலில், 2030-க்குள் காலநிலைச் சமநிலையை எட்ட ஐரோப்பிய ஒன்றியம் தேர்ந்தெடுத்த 100 நகரங்களில் சொண்டர்போர்க்கோடு லஹ்தியும் இடம்பெற்றது. விண்ணப்பித்தவை 377. பட்டத்தால் வந்த பலன் பணத்தைவிட ஆட்கள்தான்: ஆய்வாளர்களும் சிறு தொழில் முனைவோரும் அந்த ஊரைத் தேடி வந்தார்கள்.

இனி அடுத்த படி மரத்தைக் குறைப்பது. பின்லாந்தின் மின்சாரத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் இப்போது புதைபடிவ எரிபொருள் இல்லாதது. 2023-இல் ஓல்கிலுவோட்டோ 3 அணு உலை முழு உற்பத்திக்கு வந்தது, காற்றாலைகளும் வேகமாகப் பெருகின. காற்று நன்றாக வீசும் நாளில் மின்விலை சுழியத்துக்கு அருகே விழுகிறது. அந்த நேரத்தில் மின் கொதிகலனில் நீரைச் சூடாக்கிப் பெரிய தொட்டிகளில் சேமிக்கலாம். கழிவுநீரிலும் ஆலைகளிலும் வீணாகும் இளஞ்சூட்டை வெப்ப பம்புகளால் ஏற்றிக் குழாயில் விடலாம். நாட்டின் பல நகரங்கள் இந்த வழியில் இறங்கிவிட்டன. 2025 ஏப்ரலில் ஹெல்சிங்கி தன் கடைசி நிலக்கரி நிலையத்தை மூடியபோது அதற்குத் துணையாக நின்றவற்றில் இவையும் உண்டு. ஆண்டின் பெரும்பாலான நாட்களுக்கு இது போதும். ஜனவரியின் கடுங்குளிரில் காற்றழுத்தம் ஏறி, காற்றாலைகள் கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும் நாட்களும் வரும். மின்விலை உச்சத்துக்குப் போவதும் அதே நாட்களில்தான். அந்தச் சில வாரங்களுக்காகக் கிமியார்வியின் மர உலை இன்னும் பல ஆண்டுகள் தேவைப்படும்.